‘நார்மல்’ என்று எழுதும் முன்

ஒரு மருத்துவச் சோதனைக்கு மூன்று பதில்கள் இருக்க முடியும். இருக்கிறது, இல்லை, தெரியவில்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முகாம்களில் கொடுக்கப்பட்டு என் கைக்கு வந்த சீட்டுகள் எதிலும் மூன்றாவது பதிலைப் பார்த்ததில்லை. பாசிட்டிவ் அல்லது நெகட்டிவ், அவ்வளவுதான். அதனால் ‘தெரியவில்லை’ என்று எழுத வேண்டிய இடத்திலும் ‘இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். இது எல்லா வயதுப் பெண்களுக்கும் ஒரே அளவில் நடப்பதில்லை. மாதவிடாய் நின்றுபோனவர்களுக்குத்தான் அதிகம் நடக்கிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் டாக்டர் இல்லை. ஒரு ஆய்வகத்தில் பதினோரு வருஷமாக ஸ்லைடு பார்க்கிறவள். கண்ணாடித் தகட்டில் தடவிய செல்களுக்குச் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் மூலை முடுக்கெல்லாம் தேடி, சந்தேகமாகப் படும் இடத்தில் புள்ளி வைத்து நோய்க்குறியியல் மருத்துவரின் மேசைக்கு அனுப்புவது என் வேலை. சொந்த ஊர் போளூர். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனால், எங்கள் தெருவில் யார் வீட்டில் ரிப்போர்ட் வந்திருந்தாலும் அது என்னிடம் வந்துவிடும். ஜவ்வாது மலையிலிருந்து சாமையும் புளியும் கொண்டுவந்து விற்கிற பெண்களும் சுருக்குப்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து நீட்டுவார்கள். “இதுல இன்னா எழுதிக்கீதுன்னு பாரும்மா.”

பெரும்பாலும் ஒரே ஒரு வார்த்தைதான் எழுதியிருக்கும். நெகட்டிவ். சிலதில் ‘நார்மல்’. நான் திருப்பிக் கேட்பேன். “ஆயா, தூரம் நின்னு எத்தினி வருசம் ஆவுது?” “அது ஆச்சு, பதினஞ்சு வருசம் இருக்கும்.” “எப்படிப் பாத்தாங்க?” “ஏதோ புளிச்ச தண்ணி மாதிரி தடவி, லைட்டு அடிச்சிப் பாத்தாங்க.” இப்போது அந்தக் காகிதத்துக்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்லியாக வேண்டும். சரியான அர்த்தம் இதுதான்: எங்கே பார்க்க வேண்டுமோ அந்த இடம் கண்ணுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. அதனால் இந்த நெகட்டிவை வைத்து நிம்மதியாக இருக்க முடியாது.

ஏன் அப்படி என்று விளக்குகிறேன்.

அந்தச் சோதனைக்கு வி.ஐ.ஏ. என்று பெயர். 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரின் சாரத்தை, கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிஷம் பொறுத்து வெறும் கண்ணால் பார்ப்பது. புற்றுக்கு முந்தைய மாற்றம் இருந்தால் அந்த இடம் வெளுத்துத் தெரியும். ஆய்வகம் தேவையில்லை, பயிற்சி பெற்ற நர்ஸ் போதும், பதில் அங்கேயே கிடைத்துவிடும். ஏழைகளுக்காகக் கண்டுபிடித்த நல்ல வழி இது. அதை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் இந்த நோய் கர்ப்பப்பை வாயில் கண்ட இடத்தில் எல்லாம் தொடங்குவதில்லை. வெளிப்புறத்தைப் போர்த்திய தட்டைச் செல்களும் உட்புறக் கால்வாயின் தூண் வடிவச் செல்களும் சந்திக்கிற ஒரு எல்லை இருக்கிறது. பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. இளம் வயதில் அந்த எல்லை வெளியே, கண்ணுக்கு எட்டுகிற இடத்தில் இருக்கும். மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் வற்றிய பிறகு அது மெல்ல மெல்லக் கால்வாய்க்குள் ஏறிப் போய்விடும். எவ்வளவு கெட்டிக்கார நர்ஸாக இருந்தாலும் வெளியிலிருந்து பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. இதில் நர்ஸின் பிழை எதுவும் இல்லை. அந்த வயதுக்கு அந்தச் சோதனையை எழுதி வைத்தவர்களின் பிழை.

எழுதி வைத்திருக்கிறார்கள். மத்திய சுகாதார அமைச்சகம் 2016-ல் வெளியிட்ட நடைமுறைக் கையேட்டின்படி 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வி.ஐ.ஏ. செய்ய வேண்டும். கர்ப்பப்பை வாயின் அந்த எல்லை கண்ணுக்குத் தெரியாதவர்களுக்கு, குறிப்பாக மாதவிடாய் நின்றவர்களுக்கு, இந்தச் சோதனை பொருந்தாது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அப்படியானால் 50-லிருந்து 65 வரை நாம் செய்துகொண்டிருப்பது என்ன? எண்ணிக்கை. இன்றைக்கு முகாமில் 60 பேர் பார்த்தோம், 58 நெகட்டிவ் என்று எழுதி மேலே அனுப்புகிற கணக்கு.

இந்த விஷயம் நமக்குத் தெரியாமல் போனதும் இல்லை. வி.ஐ.ஏ. உயிரைக் காக்கும் என்பதற்கு உலகம் காட்டுகிற முக்கியமான ஆதாரமே நம் திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து வந்ததுதான். 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களிடம் நர்ஸுகள் வழியாக நடத்திய அந்த ஆய்வு 2007-ல் ‘லான்செட்’ இதழில் வந்தது. மொத்தத்தில் இறப்பு 35 சதவீதம் குறைந்தது. 30-லிருந்து 39 வரை உள்ளவர்களிடம் மட்டும் எடுத்தால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. அதாவது மிகப் பெரிய பலன் கிடைத்தது இளையவர்களுக்கு. அதே 2007-ல்தான் தேனியிலும் தஞ்சாவூரிலும் தமிழக அரசு இந்தத் திட்டத்துக்கு முன்னோட்டம் பார்த்தது, பிறகு மாநிலம் முழுக்க விரித்தது. அதற்காகப் பாராட்ட வேண்டும். ஆனால் மூத்தவர்களுக்கு வேறு சோதனை வேண்டும் என்ற பாடம் மட்டும் ஏன் திண்டுக்கல்லைத் தாண்டவில்லை?

அந்த வேறு சோதனைக்கும் ஆதாரம் இந்தியாவிலிருந்தேதான் வந்தது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,31,746 பெண்களைச் சேர்த்து நடந்த ஆய்வு 2009-ல் வெளியானது. எச்.பி.வி. கிருமிக்கான சோதனையை வாழ்நாளில் ஒரே ஒரு முறை செய்ததிலேயே இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இந்தச் சோதனைக்கு எதையும் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. எல்லைக்கோடு உள்ளே போய்விட்டதா வெளியே இருக்கிறதா என்ற கவலையும் இல்லை. மாதிரியைப் பஞ்சுக் குச்சியில் அந்தப் பெண்ணே எடுத்துக் கொடுக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல் இதைத்தான் முதல் சோதனையாக வைக்கச் சொல்கிறது. இதுவரை பரிசோதிக்கப்படாத 50 முதல் 65 வயதுப் பெண்களுக்கும், வசதி இருக்கிற இடங்களில், முன்னுரிமை கொடுக்கச் சொல்கிறது.

நம் ஊரில் அவர்களைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் (2019–21) கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை எப்போதாவது செய்துகொண்டவர்கள் இந்தியாவில் 1.9 சதவீதம், தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். நாம் முன்னணியில் இருக்கிறோம் என்று பெருமையாகப் பேசப்படும் எண் இது. நூற்றில் தொண்ணூறு பேர் செய்துகொள்ளவில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். இந்த எண் 30 முதல் 49 வயது வரை உள்ளவர்களுக்கானது. அந்த ஆய்வு பெண்களிடம் கேள்வி கேட்பதே 49 வயது வரைதான். இந்தியாவில் இந்தப் புற்றுநோய் அதிகம் கண்டறியப்படுவதோ ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும். நோய் வருகிற வயதும் நாம் எண்ணுகிற வயதும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை.

*

இனி என் மேசைக்கு வருகிறேன். பாப் ஸ்மியர் எடுத்தால் மட்டும் வயதான பெண்ணுக்கு நியாயம் கிடைத்துவிடுமா? அதுவும் சந்தேகம்தான்.

ஈஸ்ட்ரோஜன் வற்றிய உடம்பிலிருந்து வரும் ஸ்லைடு வேறு மாதிரி இருக்கும். மேலடுக்கின் பெரிய, முதிர்ந்த செல்கள் இருக்காது. அடியடுக்கின் சின்னச் செல்கள்தான் வரும். செல் சிறியது, உட்கரு அதற்குள் பெரிதாகத் தெரியும். கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்துபோனதால் உட்கரு ஊதியோ கறுத்தோ தெரியும். பின்னணியில் அழற்சிச் செல்களும் குப்பையும். இதில் பாதி, புற்றுக்கு முந்தைய தீவிர மாற்றத்துக்கும் பொருந்துகிற அடையாளங்கள். அனுபவம் இல்லாத கண், ஒன்றுமில்லாததைப் புற்று என்று நினைக்கும். அதைவிடப் பயங்கரம், ‘இந்த வயதில் எல்லாம் இப்படித்தான் இருக்கும்’ என்று பழகிப்போன கண், உண்மையான புற்றைத் தாண்டிப் போய்விடும்.

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. சந்தேகம் வந்தால் சில வாரங்கள் ஈஸ்ட்ரோஜன் கிரீம் தடவச் சொல்லி, மறுபடி ஸ்மியர் எடுப்பது. வெறும் வறட்சியால் சுருங்கிய செல்கள் கிரீம் பட்டதும் முதிர்ந்து சாதாரணமாகிவிடும். நிஜமாகவே கெட்டுப்போன செல்கள் மாறாது, தனியாகத் தெரியும். எல்லோருக்கும் இந்தக் கிரீம் ஆகாது, அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் முடிவு செய்வதற்கு அந்தப் பெண் திரும்பி வர வேண்டுமே? ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு ஒரு பஸ், போளூரிலிருந்து திருவண்ணாமலைக்கு இன்னொரு பஸ். ‘அட்ராபிக் ஸ்மியர், மறுபரிசோதனை செய்க’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி அடித்துக் கொடுத்தால் அவர் எதற்காக வருவார்?

இன்னொரு சங்கதி. கர்ப்பப்பையின் உள்சுவரிலிருந்து உதிர்ந்த செல்கள் சில நேரம் இந்த ஸ்லைடில் தென்படும். மாதவிடாய் வருகிற பெண்ணிடம் அது சாதாரணம். மாதவிடாய் நின்றவரிடம் அதே செல், பார்ப்பதற்கு எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், ஒரு கேள்வி. அந்த உள்சுவர் ஏன் உதிர்கிறது? பெரும்பாலும் சின்னக் காரணமாக இருக்கும். சிலருக்குக் கர்ப்பப்பைப் புற்றாக இருக்கும். அதனால்தான் உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் பெதஸ்டா முறை, 2014 திருத்தத்தின்படி, 45 வயதுக்கு மேல் அந்தச் செல்லைக் கண்டால் ரிப்போர்ட்டில் கட்டாயம் குறிப்பிடச் சொல்கிறது.

ஆக ஒரே செல், நாற்பது வயதில் ஒன்றுமில்லை, அறுபது வயதில் எச்சரிக்கை. இதை நான் வாசிக்க வேண்டுமானால் எனக்கு வயது தெரிய வேண்டும், மாதவிடாய் எப்போது நின்றது என்று தெரிய வேண்டும், இரத்தம் படுகிறதா என்று தெரிய வேண்டும். ஸ்லைடோடு வரும் படிவத்தில் அதற்குக் கட்டங்கள் இருக்கின்றன. பதினோரு வருஷத்தில் அவை நிரப்பப்படாமல் வந்த படிவங்களை அடுக்கினால் என் உயரத்துக்கு வரும். சிலதில் வயது என்ற இடத்தில் ‘60+’ என்று இருக்கும். ஒரு மனுஷியின் உடம்பை இதைவிட அலட்சியமாக எழுத முடியுமா?

*

எச்.பி.வி. சோதனை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த முடிவை வாசிப்பதில் வேறொரு வன்முறை இருக்கிறது.

அறுபது வயதுப் பெண்ணுக்கு எச்.பி.வி. பாசிட்டிவ் என்று வந்தால் வீட்டில் எழும் முதல் கேள்வி நோயைப் பற்றியதாக இருக்காது. ‘உடலுறவு மூலம் பரவும் கிருமி’ என்று செல்போனில் தேடிப் படித்த மகன் அம்மாவை ஒரு மாதிரி பார்ப்பான். செத்துப்போன புருஷனைப் பற்றி அந்த அம்மா புதிதாக யோசிக்கத் தொடங்குவார். “இந்த வயசுல எனக்கு எப்படிம்மா? நான் யார் கிட்ட போனேன்?” என்று என்னிடம் அழுதவர்கள் இருக்கிறார்கள்.

இந்தக் கேள்விக்கான பதிலை ரிப்போர்ட்டிலேயே அச்சிட வேண்டும் என்பேன். உடலுறவு கொள்கிற ஆண் பெண் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்தக் கிருமி தொற்றத்தான் செய்யும். பெரும்பாலும் உடம்பே அதை அடக்கிவிடும். அடங்கிய கிருமி பல்லாண்டு சத்தமில்லாமல் கிடந்து, வயதாகி எதிர்ப்புசக்தி தளரும்போது மறுபடி தலைகாட்டலாம். இன்றைய பாசிட்டிவ், கல்யாணமான புதிதில் வந்த தொற்றின் மிச்சமாகவும் இருக்கலாம். அதை வைத்து யார் ஒழுக்கத்தையும் யாரும் அளக்க முடியாது. பாசிட்டிவ் என்றால் புற்று என்றும் அர்த்தமில்லை. அடுத்த பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று மட்டுமே அர்த்தம். இந்த நாலு வரியைத் தமிழில் அச்சிட எவ்வளவு செலவாகும்?

*

மறுப்புகள் வரும். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, காசு. தனியார் ஆய்வகத்தில் எச்.பி.வி. சோதனை ஆயிரம் ரூபாயைத் தாண்டும், மலை கிராமத்துக்கு இது கட்டுப்படியாகுமா என்கிறார்கள். காசநோய்க்காகவும் கொரோனாவுக்காகவும் அரசு மருத்துவமனைகளுக்கு ட்ரூநாட் இயந்திரங்கள் வந்தன. கோவாவிலுள்ள மோல்பயோ நிறுவனம் செய்வது. அதே இயந்திரத்தில் போடுகிற எச்.பி.வி. சிப்பும் இருக்கிறது. இயந்திரத்தை வாங்கிய பிறகு சிப்புக்குக் காசில்லை என்பது முன்னுரிமையைப் பற்றிய பதில், ஏழ்மையைப் பற்றியது அல்ல. எல்லோருக்கும் உடனே முடியாதென்றால், வி.ஐ.ஏ. யாருக்குப் பயன்படாதோ அவர்களிடமிருந்து தொடங்கலாமே?

இரண்டாவது, வயதானவர்களைச் சும்மா விடுங்கள், தேவையில்லாத பயாப்ஸி, தேவையில்லாத பயம் என்கிறார்கள். இது நியாயமான வாதம், மதிக்கிறேன். வறண்ட உடம்பில் கருவியை நுழைப்பதே வலி. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 65 வயதோடு பரிசோதனையை நிறுத்துகிறார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் அமெரிக்க விதியை முழுசாகப் படிக்க வேண்டும். அதற்கு முந்தைய பத்து வருஷங்களில் போதுமான சோதனைகள் தொடர்ந்து நெகட்டிவாக வந்திருந்தால்தான் நிறுத்தலாம். அப்படியும் அங்கே கண்டறியப்படும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று 65-ஐத் தாண்டியவர்களுக்கு. ஆஸ்திரேலியா 2017 டிசம்பரில் எச்.பி.வி. சோதனைக்கு மாறியபோது வயது வரம்பை 74 வரை வைத்தது. வாழ்நாளில் ஒரு சோதனைகூடச் செய்யாத ஜவ்வாது மலைப் பெண்ணிடம் போய், அமெரிக்காவில் 65-ல் நிறுத்திவிடுகிறார்கள் ஆயா என்று சொல்வது ஏமாற்று வேலை. அவரைத் தொந்தரவிலிருந்து விடுவிக்க வேண்டுமென்றால் நம்பத் தகுந்த ஒரு நெகட்டிவைக் கொடுத்து விடுவியுங்கள்.

மூன்றாவது, அவர்கள் வருவதில்லை, கூச்சப்படுகிறார்கள் என்பது. இதைச் சொல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டிலிருந்து பிரஷருக்கும் சுகருக்கும் வீடு தேடி வருகிறது. வாசலில் உட்கார்ந்து மாத்திரை வாங்கிக்கொள்கிற அதே பெண்ணிடம், இரத்தம் ஏதாவது படுதாம்மா என்று ஒரு கேள்வி கேட்க முடியாதா? மாதவிடாய் நின்று ஒரு வருஷம் ஆன பிறகு ஒரு துளி பட்டாலும் அது பரிசோதனை முகாமுக்கான விஷயம் இல்லை. நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம். அப்படி வருபவர்களில் நூற்றுக்கு ஒன்பது பேர் அளவில் கர்ப்பப்பை உள்சுவர்ப் புற்று இருப்பதாக உலகளாவிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். முகாமில் நெகட்டிவ் என்று வாங்கிய சீட்டைக் காட்டி, “அதான் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்களே” என்று இரத்தப்போக்கோடு ஆறு மாசம் வீட்டில் இருந்தவரை எனக்குத் தெரியும். தப்பான இடத்தில் எழுதப்பட்ட ‘நார்மல்’ செய்கிற வேலை இது.

நான்காவதாக, எனக்குத்தான் கர்ப்பப்பையை எடுத்துட்டாங்களே என்று பெண்களே சொல்வார்கள். எடுத்தது முழுசாகவா, வாயை விட்டுவிட்டா? ஏன் எடுத்தார்கள்? டிஸ்சார்ஜ் சீட்டு எங்கே? கரையான் அரித்துவிட்டிருக்கும். வாய் மிச்சமிருந்தால் ஆபத்தும் மிச்சமிருக்கிறது. இதை அறுவை சிகிச்சை முடிந்த அன்றைக்கே, அவருக்குப் புரிகிற மொழியில் சொல்லியிருக்க வேண்டும்.

*

இதை ஒரு இலக்கிய இதழில் ஏன் எழுதுகிறேன்? ஏனென்றால் இந்த மௌனத்தில் நமக்கும் பங்கிருக்கிறது.

2024 பிப்ரவரியில் நடிகை பூனம் பாண்டே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்துவிட்டதாக அவருடைய இன்ஸ்டாகிராமில் செய்தி வந்தது. மறுநாள் உயிரோடு வந்து, விழிப்புணர்வுக்காகச் செய்தேன் என்றார். திட்டினோம், மீம் போட்டோம், மறந்தோம். அந்தப் பொய் ஒரு நாள் முழுக்க எப்படிச் செல்லுபடியானது என்று யோசித்தோமா? செத்தது முப்பதுகளில் இருக்கும் ஒரு அழகி என்பதால்தான் நாடு அதிர்ந்தது. இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 80,000 பெண்கள் இந்த நோயில் நிஜமாகவே சாகிறார்கள். அவர்களில் பெருந்தொகையானவர்கள் நம் அம்மாக்களின், ஆயாக்களின் வயதுக்காரர்கள். அவர்களுக்கு ஒரு ஸ்டேட்டஸ்கூடக் கிடையாது.

பெண்ணுடல் பற்றி நாம் நிறையப் பேசியாயிற்று. முதல் மாதவிடாய், நாப்கின், கருத்தடை, கருக்கலைப்பு, பிரசவம். பேச வேண்டியவைதான். ஆனால் மாதவிடாய் நின்றதும் அந்தப் பேச்சும் நின்றுவிடுகிறது. நம் கதைகளில் வரும் பாட்டிக்குச் சுருக்குப்பை உண்டு, வெற்றிலை உண்டு, சொல்வதற்குப் பழங்கதை உண்டு. அவளுக்கு அடிவயிறு உண்டா? வெள்ளைப்படுமா? தனியாக மருத்துவரிடம் போய்க் காலை விரித்துப் படுக்க வெட்கமாக இருக்குமா? எழுதிப் பார்த்திருக்கிறோமா? எழுதாத உடம்பைப் பற்றி மருத்துவப் படிவத்திலும் யாரும் எழுதுவதில்லை. ஒன்று இன்னொன்றால் வந்தது என்று நிரூபிக்க என்னால் முடியாது. ஆனால் இரண்டையும் ஒரே சமூகம்தான் செய்கிறது.

நான் கேட்பவை பெரிய விஷயங்கள் இல்லை. மாதவிடாய் நின்ற பெண்ணுக்குச் செய்த வி.ஐ.ஏ.வைப் பரிசோதனை முடிந்ததாகக் கணக்கில் காட்டாதீர்கள். அவர்களுக்கு எச்.பி.வி. சோதனை கொடுங்கள், மாதிரியை அவர்களே எடுக்க விடுங்கள். பாசிட்டிவ் என்றால் எங்கே, எந்த நாள், யாரைப் பார்க்க வேண்டும் என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். அது இல்லாவிட்டால் எச்.பி.வி. சோதனையும் இன்னொரு மடித்த காகிதம்தான். ஸ்லைடு அனுப்பும்போது வயதையும் மாதவிடாய் நின்ற வருஷத்தையும் நிரப்புங்கள். ரிப்போர்ட்டைத் தமிழில் கொடுங்கள். குடும்ப நல ஆய்வு 49-ல் நின்றால், 50-க்கு மேல் எண்ணுவதற்கு மாநிலமே ஒரு வழி செய்யட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. இதற்குப் பணமோ இயந்திரமோ வேண்டாம், ஒரு ரப்பர் ஸ்டாம்பு போதும். பாசிட்டிவ், நெகட்டிவ் என்ற இரண்டு கட்டங்களுக்குக் கீழே மூன்றாவதாக ஒன்றைச் சேருங்கள்: ‘பார்க்க முடியவில்லை’. அந்தக் கட்டத்தில் எத்தனை பெயர் விழுகிறது என்று ஒரு வருஷம் எண்ணிப் பாருங்கள். நம் முகாம்கள் யாரையெல்லாம் பார்க்காமல் அனுப்பிவைத்தன என்பது அப்போது தெரிந்துவிடும்.